தேர்தல் முடிந்த மறுநாள்

தேர்தல் முடிவுகள் வெளிவந்த வாரத்தில் புதிய சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் வீட்டு முற்றத்தில் நின்றவர்களுக்கு அந்தக் காட்சி எளிதில் மறக்காது. ஒருபுறம் பொன்னாடைகள் குவிகின்றன. மறுபுறம் மாலைகள் வாடிக் கிடக்கின்றன. நம் பங்கிலிருந்தும் ஒருமுறை பத்துப் பேர் சென்றோம். பங்குப் பேரவையின் துணைத் தலைவர் பொன்னாடை போர்த்தினார். ஒளிப்படம் எடுத்துக்கொண்டோம். ஒன்பது கோரிக்கைகள் அடங்கிய மனுவைக் கையளித்தோம். உறுப்பினர் அதனை மலர்ந்த முகத்துடன் வாங்கி, அருகில் நின்ற உதவியாளரிடம் தந்தார். ஓராண்டு கழித்து, அந்த மனு என்னவாயிற்று என்று பேரவைக் கூட்டத்தில் ஒருவர் வினவியபோது, அதன் படி நம்மில் எவரிடமும் இல்லை என்பது தெரியவந்தது. ஒன்பதில் நான்கு கோரிக்கைகள் ஊராட்சி மன்றம் செய்யவேண்டியவை என்பதும் அப்போதுதான் புலனாயிற்று. பிழை உறுப்பினருடையதா, நம்முடையதா என்று அன்று நெடுநேரம் வாதிட்டோம். முடிவு காணாமலே கலைந்தோம்.

தேர்ந்தெடுத்தவனுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டவனுக்கும் இடையே தேர்தலுக்குப் பின் என்ன உறவு இருக்கவேண்டும் என்பது பழைய வினா. நம் நாடாளுமன்ற முறை எந்த மண்ணிலிருந்து தன் வடிவத்தைப் பெற்றதோ, அந்தப் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் இவ்வினா இருமுறை கூர்மையாக எழுந்தது. இருமுறையும் அதன் நடுவில் கத்தோலிக்கத் திருச்சபையின் மக்கள் இருந்தனர் என்பதே நாம் அவற்றை இங்கு நினைவுகூரக் காரணம்.

முதலாவது நிகழ்ச்சி 1774 ஆம் ஆண்டு நவம்பர் 3 ஆம் நாள், இங்கிலாந்தின் மேற்கே கடல் வாணிகத்தால் செழித்த பிரிஸ்டல் நகரில் நடந்தது. அந்நகரம் இரு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்திருந்தது. அவர்களுள் ஹென்றி குரூகர் என்பவர் முதலில் எழுந்து, வாக்காளர் இடும் கட்டளையை ஏற்று நடப்பதே தம் கடமை என்று உறுதி கூறினார். அடுத்து எழுந்தவர் எட்மண்ட் பர்க். வென்ற மகிழ்ச்சியில் இருந்த கூட்டத்தின் முன் அவர் கூறியது அக்கூட்டம் கேட்க விரும்பியது அன்று. வாக்காளரின் விருப்பம் தமக்குப் பெருமதிப்புடையது. அவர்களுக்காகத் தம் ஓய்வையும் இன்பத்தையும் துறப்பார். ஆனால் தம் நிதான அறிவையும் மனச்சான்றையும் எவருக்கும் விட்டுத்தர இயலாது என்றார் அவர். நாடாளுமன்றம் என்பது தத்தம் ஊருக்காக வழக்காடும் தூதர்களின் கூட்டம் அன்று. நாடு முழுவதன் நலனை ஆய்ந்து முடிவு செய்யும் ஒரே அவை என்பது அவர் கருத்து.

இப்பேச்சு அரசியல் நூல்களில் இன்றும் போற்றப்படுகின்றது. அதன் பின்கதையையும் சேர்த்துப் படித்தால்தான் அதன் விலை தெரியும். அடுத்த ஆண்டுகளில் பர்க் பிரிஸ்டல் வணிகர்களின் அலுவல்களுக்காக இலண்டன் அலுவலகங்களின் படிகளில் அயராது ஏறி இறங்கினார். அதில் அவர்களுக்குக் குறையில்லை. 1778 இல் அயர்லாந்தின் வாணிகத்தின் மீதிருந்த தடைகளைத் தளர்த்தும் மசோதாக்கள் வந்தன. அயர்லாந்து செழித்தால் தம் வாணிகம் நலியும் என்று பிரிஸ்டல் வணிகர்கள் அஞ்சினர். எதிர்க்கும்படி அவருக்கு எழுதினர். பர்க் ஆதரித்தார். ஏன் ஆதரித்தார் என்பதை விளக்கி அவர்களுக்கு எழுதிய கடிதங்களை அச்சிட்டும் வெளியிட்டார். அதே ஆண்டில் கத்தோலிக்கர் துயர்நீக்கச் சட்டம் வந்தது. பள்ளி நடத்திய கத்தோலிக்கருக்கு ஆயுள் சிறை, பிடித்துக் கொடுக்கப்பட்ட குருவுக்குத் தண்டனை, கத்தோலிக்கரின் நிலத்தைச் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த உறவினர் பறித்துக்கொள்ளும் உரிமை ஆகிய கொடுமைகளை அச்சட்டம் நீக்கியது. சர் ஜார்ஜ் சாவில் அதனைக் கொணர்ந்தார், பர்க் துணைநின்றார். பர்க்கின் தாய் கத்தோலிக்கர் என்பதைப் பகைவர்கள் மறக்கவில்லை.

1780 ஜூனில் அச்சட்டத்தை நீக்கக் கோரி இலண்டனில் கார்டன் கலகம் வெடித்தது. வெளிநாட்டுத் தூதரகச் சிற்றாலயங்கள் தீக்கிரையாயின, சிறைகள் உடைக்கப்பட்டன, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். பர்க்கின் வீட்டைப் படைவீரர் காத்தனர். அதே ஆண்டு செப்டம்பரில் அவர் பிரிஸ்டல் நகர மன்றத்தில் வாக்காளர் முன் நின்றார். தம்மீது கூறப்பட்ட நான்கு குற்றச்சாட்டுகளை அவரே எடுத்துரைத்தார்: நகருக்கு அடிக்கடி வராதது, அயர்லாந்து வாணிகத்தை ஆதரித்தது, கடனாளிகளுக்கு இரக்கம் காட்டும் மசோதாவை ஆதரித்தது, கத்தோலிக்கருக்கு நீதி வழங்கியது. ஒவ்வொன்றுக்கும் விடை கூறினார். எதற்கும் மன்னிப்புக் கேட்கவில்லை. வெற்றி கிட்டாது என்று கண்டதும் சில நாள்களில் போட்டியிலிருந்து விலகினார். பின்னாளில் அதே பிரிஸ்டல் அவருக்குச் சிலை எடுத்தது. நகரங்களின் நன்றியுணர்வு பெரும்பாலும் காலம் கடந்தே விழிக்கின்றது!

இங்கே நாம் சற்று நின்று எண்ணவேண்டும். அந்நாளில் இங்கிலாந்தின் கத்தோலிக்கர் வாக்களிக்கும் நிலையில் இல்லை. பர்க்கைத் தண்டித்தவர்கள் வாக்காளர். அவர் யாருக்காகப் பேசினாரோ அவர்கள் வாக்கற்றவர்கள். "எங்கள் வாக்கை வாங்கியவர் நாங்கள் சொன்னபடி ஆடவேண்டும்" என்று நாம் இன்று எளிதாகக் கூறுகிறோம். அந்த விதியைப் பர்க் ஏற்றிருந்தால் நம் முன்னோரின் நம்பிக்கைக்காக எழுந்த ஒரு குரல் எழாமலே போயிருக்கும். எங்கும் சிறுபான்மையினராக வாழும் நாம் உறுப்பினரின் மனச்சான்றுக்கு இடம் விடுவதில் மற்றவரினும் கவனமாக இருக்கவேண்டும். அவரிடம் நாம் வற்புறுத்தத்தக்கது வேறு: தம் முடிவுக்குக் காரணம் கூறவேண்டும், எழுத்தில் கூறவேண்டும், நேரில் வந்து கூறவேண்டும். முதலிரண்டிலும் பர்க் குறைவைக்கவில்லை. மூன்றாவதில் தாமதித்தார் என்றே நமக்குப் படுகின்றது.

இரண்டாவது நிகழ்ச்சி அயர்லாந்தில் நடந்தது. அது நம்மை இன்னும் நெருங்கித் தொடுவது.

1793 ஆம் ஆண்டிலிருந்து அயர்லாந்தின் கத்தோலிக்கர் வாக்களிக்கலாம். ஆனால் நாடாளுமன்றத்தில் அமர இயலாது. திருப்பலியைச் சிலைவழிபாடு என்று பழிக்கும் உறுதிமொழியை எடுத்தால்தான் இருக்கை உண்டு. வாக்காளருள் பெரும்பகுதியினர் ஆண்டுக்கு 40 ஷில்லிங் மதிப்புள்ள நிலத்தை ஆயுள் குத்தகையாகப் பெற்றிருந்த சிறு குடியானவர்கள். நிலக்கிழார்களே தம் வாக்குகளைப் பெருக்கிக்கொள்ள இவர்களை உண்டாக்கினர் எனலாம். வாக்கு இரகசியமானது அன்று. பலரறிய வாய்விட்டுச் சொல்லவேண்டும். நிலக்கிழாரின் ஆள் அருகில் நின்று கேட்டுக்கொண்டிருப்பான். இரகசிய வாக்கு முறை அங்கே 1872 இல்தான் வந்தது.

1823 இல் டானியல் ஓ'கானல் என்னும் வழக்கறிஞரும் அவர்தம் நண்பர்களும் கத்தோலிக்கச் சங்கத்தைத் தொடங்கினர். முதலில் அது ஆண்டுக்கு ஒரு கினி கட்டணம் செலுத்த இயன்ற செல்வரின் கூடமாகவே இருந்தது. மறு ஆண்டில் ஓ'கானல் ஒரு சிறு மாற்றம் செய்தார்: மாதம் ஒரு பென்னி தருகின்றவரும் சங்கத்தில் சேரலாம். ஒரு பென்னி! ஏழைக் குடியானவனும் தரத்தக்க தொகை. ஞாயிறு திருப்பலி முடிந்து மக்கள் வெளியே வரும்போது கோயில் வாசலில் அது திரட்டப்பட்டது. "கத்தோலிக்க வரி" என்றே அதனை அழைத்தனர். அப்பணம் மனுக்களுக்கும் வழக்குகளுக்கும் செய்தித்தாள்களுக்கும் பயன்பட்டது. அதனினும் மேலாக, ஒவ்வொரு பங்கிலும் கணக்கு வைக்கும் ஒருவர், கடிதம் எழுதும் ஒருவர், செய்தித்தாளை உரக்கப் படித்துக் காட்டும் ஒருவர் தோன்றினர். மாதம் ஒருமுறை பென்னி தருகின்ற மனிதன் மாதம் ஒருமுறை அது எதற்கென்று எண்ணுகின்றான். ஓ'கானலின் சொல்வன்மையைவிட இந்தப் பழக்கமே பெரிய ஆற்றல் என்று நாம் கருதுகிறோம்.

1826 இல் வாட்டர்ஃபோர்டு தொகுதியில் குடியானவர்கள் தம் நிலக்கிழாராகிய பெரஸ்ஃபோர்டு குடும்பத்தின் வேட்பாளரை முதன்முறையாகத் தோற்கடித்தனர். வஞ்சம் தீர்க்கப்பட்டவர்களுக்குச் சங்கத்தின் நிதி கைகொடுத்தது. 1828 இல் கிளேர் தொகுதியின் உறுப்பினர் வீசி ஃபிட்ஸ்ஜெரல்ட் அமைச்சராக நியமிக்கப்பட்டார். அக்காலச் சட்டப்படி அமைச்சராகின்றவர் மீண்டும் வாக்காளரிடம் செல்லவேண்டும். அவர் நல்ல நிலக்கிழார், கத்தோலிக்கருக்குச் சார்பானவரும்கூட. ஆனால் வெலிங்டன் அமைச்சரவையில் சேரும் எவரையும் எதிர்ப்பது என்று சங்கம் முன்னரே தீர்மானித்திருந்தது. நண்பர் என்பதற்காகத் தீர்மானத்தை வளைப்பதா? வளைக்கவில்லை. ஓ'கானலே போட்டியிட்டார்.

ஜூலைத் தொடக்கத்தில் எனிஸ் நகருக்குள் குடியானவர்கள் தத்தம் பங்குக் குருக்களின் தலைமையில் அணியணியாக வந்தனர். தேர்தல் என்றால் சாராயமும் கைகலப்பும் என்றிருந்த நாட்டில், அந்நாள்களில் அவர்கள் மதுவைத் தொடாமல் ஒழுங்கு காத்ததைப் பகைவரும் வியந்தனர். வாக்கை வாய்விட்டுச் சொன்னால் குடிசையும் நிலமும் பறிபோகலாம் என்று அறிந்தே சொன்னார்கள். ஓ'கானலுக்கு 2057 வாக்குகள், ஃபிட்ஸ்ஜெரல்டுக்கு 982.

அமர இயலாத இருக்கைக்கு ஒருவரைப் பெருவாரியாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். உள்நாட்டுப் போர் மூளும் என்று அஞ்சிய வெலிங்டனும் பீலும் இறங்கிவந்தனர். 1829 ஏப்ரல் 13 ஆம் நாள் கத்தோலிக்கர் விடுதலைச் சட்டத்திற்கு மன்னர் நான்காம் ஜார்ஜ் விருப்பமின்றி ஒப்புதல் தந்தார். இதுவரை நம் மறைக்கல்வி வகுப்புகளிலும் கூறுவதுண்டு.

அதே நாளில் மற்றொரு சட்டமும் ஒப்புதல் பெற்றது. அது அயர்லாந்தில் வாக்குரிமைக்கான நில மதிப்பை 40 ஷில்லிங்கிலிருந்து 10 பவுனாக, அதாவது ஐந்து மடங்காக உயர்த்தியது. இரண்டு இலட்சத்திற்கும் மேலிருந்த வாக்காளர் தொகை நாற்பதாயிரத்திற்கும் கீழே சரிந்தது. எனிஸ் நகரில் நிலக்கிழாரின் முகத்திற்கு நேரே "ஓ'கானல்" என்று சொன்ன அந்த மனிதர்கள் வாக்கை இழந்தனர். அவர்கள் பெற்றுத்தந்த விடுதலையால் நாடாளுமன்ற இருக்கையும் நீதிமன்றப் பதவியும் அடையத் தகுதி பெற்றவர்கள் படித்த, வசதியுள்ள கத்தோலிக்கர். விலை கொடுத்தவர்கள் குடியானவர்கள்.

ஓ'கானல் என்ன செய்தார்? 1825 இலேயே, விடுதலைக்கு ஈடாக 40 ஷில்லிங் வாக்காளரைக் கைவிடும் பேரம் ஒன்றுக்கு அவர் இசைந்திருந்தார். அம்மசோதா பிரபுக்கள் அவையில் தோற்றது. அவரும் பின்னர் வருந்தினார். 1829 இல் எதிர்த்தார். ஆனால் விடுதலையையே பணயம் வைக்கும் அளவுக்கு எதிர்க்கவில்லை. மே 15 ஆம் நாள் அவையின் நடுவில் அந்த இழிந்த உறுதிமொழியை எடுக்க மறுத்து நின்ற அவருடைய துணிவை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. புதிய சட்டம் முன்பு நடந்த தேர்தலுக்குப் பொருந்தாது என்று திருப்பி அனுப்பப்பட்டு, ஜூலை இறுதியில் கிளேர் தொகுதியில் போட்டியின்றி மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டார். முந்தைய ஆண்டு அவரைத் தேர்ந்தெடுத்த குடியானவருள் மிகப் பலருக்கு இப்போது வாக்கே இல்லை.

பழியை ஓ'கானல் ஒருவர்மீது சுமத்துவது எளிது. நம் கண்ணில் உறுத்துவது வேறொன்று. 1829 பிப்ரவரியில், இரு மசோதாக்களும் உருவாகிக்கொண்டிருந்த வேளையில், கத்தோலிக்கச் சங்கம் தன்னைத்தானே கலைத்துக்கொண்டது. அரசு எப்படியும் தடை செய்யப்போகின்றது, விடுதலையோ கைக்கெட்டிவிட்டது என்று எண்ணினர். பங்குதோறும் பென்னி திரட்டிய கைகள் ஓய்ந்தன. ஐந்தாண்டுகள் விழித்திருந்த மக்கள், தங்கள் வாக்கு பறிபோன அந்தச் சில வாரங்களில் மட்டும் பேசுவதற்கு ஓர் அமைப்பின்றி இருந்தனர். உறுப்பினரை அனுப்பிவைத்த கூட்டம் கலைந்துவிட்டால், அவர் யாருடன் பேசுகிறாரோ அவர்களின் குரலே அவர் காதில் விழும். ஓ'கானலுடன் இலண்டனில் பேசியவர்கள் குடியானவர்கள் அல்லர்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். அரசியலமைப்பு அவையில் சிறுபான்மையினருக்குச் சட்டமன்றங்களில் தனி இருக்கைகள் ஒதுக்கலாமா என்ற வினா எழுந்தது. அவ்வவையின் துணைத் தலைவர் எச்.சி. முகர்ஜி கிறிஸ்தவர், மதராசிலிருந்து சென்ற இயேசு சபைத் துறவி ஜெரோம் டிசூசாவும் அங்கு இருந்தார். 1949 மே மாதத்தில் அந்த ஒதுக்கீடு கைவிடப்பட்டது. கிறிஸ்தவர் அதற்கு இசைந்தனர். "எங்களுக்கென்று தனி உறுப்பினர் வேண்டா, எல்லாருடைய உறுப்பினரும் எங்கள் உறுப்பினரே" என்பது அதன் பொருள். பெருந்தன்மையான முடிவுதான். அது நம்மீது ஒரு பொறுப்பையும் ஏற்றியது. எக்கட்சியினராயினும், எச்சமயத்தவராயினும், நாம் வாக்களிக்காதவராயினும், வென்றவரிடம் குடிமக்களாகச் சென்று நம் காரியத்தை எடுத்துரைக்கும் திறன் நமக்கு வேண்டும். அத்திறனை வளர்த்துக்கொண்டோமா? பல பங்குகளில் தேர்தலுக்கு முன் கூட்டம் நடத்துகிறோம். மறைமாவட்டச் சுற்றறிக்கை வாசிக்கிறோம். வேட்பாளருக்கு வினாப்பட்டியல் அனுப்புகிறோம். முடிவு வந்ததும் கத்தோலிக்கச் சங்கத்தைப் போலவே கலைந்துவிடுகிறோம்.

பர்க் வேண்டிய மனச்சான்றின் உரிமை நம் உறுப்பினருக்கு அவ்வளவாக இல்லை என்பதையும் அறிந்திருக்கவேண்டும். 1985 இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி, கட்சிக் கொறடாவின் ஆணையை மீறி வாக்களித்தால் பதவியே போகக்கூடும். ஆகவே வாக்கெடுப்பில் அவர் கை எங்கு உயரும் என்பதைப் பெரும்பாலும் கட்சித் தலைமை முடிவு செய்கின்றது. ஆயினும் அவையில் வினா எழுப்பலாம். அமைச்சர் தந்த வாக்குறுதி நிறைவேறியதா என்று உறுதிமொழிக் குழுவின் வாயிலாகத் தொடரலாம். மக்களின் விண்ணப்பத்தை மனுக்கள் குழுவுக்கு எடுத்துச் செல்லலாம். நாம் கேட்பது இவற்றுள் எது என்று தெளிந்து கேட்டால், அவரால் இயலும் ஒன்றைக் கேட்டவர்களாவோம். 1965 இல் வெளிவந்த "இன்றைய உலகில் திருச்சபை" என்னும் சங்க ஏட்டின் 75 ஆம் எண், வாக்குரிமையைக் கடமையாக நினைவூட்டுவதோடு, அரசிடம் அளவுமீறிய, காலத்திற்கு ஒவ்வாத சலுகைகளைக் கேட்கவேண்டா என்றும் குடிமக்களை எச்சரிக்கின்றது. அப்பகுதியை நாம் அதிகம் மேற்கோள் காட்டுவதில்லை!

எதைக் கேட்பது என்பதில்தான் கிளேர் குடியானவர்கள் நம்மை உறுத்துகிறார்கள். 1950 ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதியினரின் உரிமைகளை இந்து சமயத்தவருக்கு மட்டும் என்று வரையறுத்தது. 1956 இல் சீக்கியரும் 1990 இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். தலித் கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. 2007 இல் அறிக்கை அளித்த ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் சமய வரையறையை நீக்கப் பரிந்துரைத்தது. 2023 ஏப்ரல் 19 ஆம் நாள் தமிழ்நாடு சட்டமன்றம் ஒன்றிய அரசை வலியுறுத்தித் தீர்மானம் நிறைவேற்றியது. அதனை வரவேற்றோம்; இனிப்பு வழங்கினோம். ஆனால் அந்த ஆணையைத் திருத்தும் அதிகாரம் நாடாளுமன்றத்திடம் உள்ளது. அவ்வாண்டில் நம் தொகுதியின் மக்களவை உறுப்பினரை எத்தனை பங்குகள் சந்தித்து, "இத்தீர்மானத்தைக் குறித்து அவையில் தாங்கள் வினவினீர்களா?" என்று கேட்டன? நம் பங்கு கேட்கவில்லை, அதனை மறைப்பதற்கில்லை.

நாம் முன்பு கூறிய அந்த ஒன்பது கோரிக்கை மனுவை நினைவிலிருந்து மீண்டும் எழுதிப் பார்த்தோம். முதல் மூன்றும் நம் பள்ளிகளைப் பற்றியவை: ஆசிரியர் பணியிடம், மானியம், கட்டட அனுமதி. தலித் கிறிஸ்தவர் உரிமை ஒன்பதாவதாக, "மேலும்" என்று தொடங்கி ஒரே வரியில் இருந்தது. அன்று நம்முடன் வந்த பத்துப் பேரில் அந்த உரிமையை இழந்து நிற்கும் குடும்பத்தினர் ஒருவரே. அவர் கையில் மாலை இருந்தது. மனு வேறொருவர் கையில் இருந்தது. ஓ'கானலுடன் இலண்டனில் பேசியவர்கள் யார் என்று சற்றுமுன் எழுதியபோது இந்தக் காட்சியே நம் மனத்தில் நின்றது.

அடுத்த பேரவைக் கூட்டத்தில் சில சிறு ஏற்பாடுகள் செய்தோம். எந்த மனுவாயினும் மூன்று படிகள் எடுத்து, ஒன்றைப் பங்கு அலுவலகக் கோப்பில் வைப்பது, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் கேட்பது, மூன்று மாதத்திற்கு ஒருமுறை அதே ஆள்கள் மீண்டும் செல்வது, பொன்னாடையை நிறுத்திவிடுவது. கடைசியாகக் கூறியதற்குத்தான் எதிர்ப்பு மிகுதி.

ஊராட்சியைப் பற்றி ஒரு செய்தி. 1994 ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் கீழ்க் கிராம சபை கூடும் நாள்களுள் ஆகஸ்டு 15 ஒன்று. அன்றுதான் நமக்கு விண்ணேற்பு அன்னையின் திருநாள். திருப்பலி, கொடியேற்றம், நேர்ச்சை உணவு என்று பகல் கழிந்துவிடும். ஊராட்சி மன்றத் தலைவரை நேருக்கு நேர் கேள்வி கேட்கச் சட்டம் தந்த நாளில் நம்மவர் எவரும் அங்கிருப்பதில்லை. பங்குத்தந்தையிடம் கூறினோம். அவர் திருப்பலி இறுதி அறிவிப்புகளில் கிராம சபை நடக்கும் இடத்தையும் நேரத்தையும் சேர்த்து வாசித்தார். உணவை ஒரு மணி நேரம் தள்ளிவைத்தார். முதல் ஆண்டில் ஏழு பேர் சென்றோம். நம்முடன் வந்த மூதாட்டி ஒருவர், காலனித் தெருவின் குடிநீர்த் தொட்டிக்குச் சென்ற ஆண்டு எவ்வளவு செலவு எழுதப்பட்டுள்ளது என்று கேட்டார். தலைவர் செயலரைப் பார்த்தார். செயலர் பதிவேட்டைத் திறந்து, பக்கங்களைப் புரட்டி, வாசிக்கத் தொடங்கினார்.